20க்கு 30 ஹாட் ஃபாயில் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரிப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், தோல் பொருள் பட்டறை,
90 அடிச் சாலை அருகில், தாராவி, மும்பை – 400017

பெறுநர்:
மேலாளர், விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு,
கோவை அலுவலகம்

நாள்: 3 நவம்பர் 2025

பொருள்: கை லிவர் ஹாட் ஃபாயில் ஸ்டாம்பிங் மெஷின் (20க்கு 30 செ.மீ. பிளேட்) – எர்த் இல்லாமை, சூடு சீராக இல்லாமை, தவறான விவரம் சொல்லி விற்றது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

அய்யா,

சூடான அச்சால் தங்க ஃபாயிலைத் தோலில் ஒட்டிப் பெயர் பதிக்கும் உங்கள் மெஷின் கடந்த செப்டம்பர் 9ஆம் தேதி என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. விலை 36,000 ரூபாய், ஜிஎஸ்டி 6,480, ஆக 42,480 ரூபாய். லாரி வாடகை 2,300 நான் கட்டினேன். பில் நகல், போட்டோக்கள், உங்கள் ஆட்களுடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் இணைத்திருக்கிறேன். இதற்கு முன் நான்கு முறை போனிலும் இரண்டு முறை மெயிலிலும் சொல்லிவிட்டேன். பலன் இல்லாததால் இந்தக் கடிதம்.

முதலில் எர்த் விஷயம். இதைத்தான் உங்கள் ஆட்கள் யாரும் காதில் வாங்கவில்லை. மெஷின் வந்த மூன்றாம் நாள் நல்ல மழை. என் மனைவி லிவரைப் பிடித்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "சுர்ருங்குது" என்றார். நான் டெஸ்டரை பாடியில் வைத்தேன், மங்கலாக எரிந்தது. கீழ்க்கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பின்மூடியைக் கழற்றச் சொன்னேன். மூன்று பின் பிளக் இருக்கிறது, மூன்று கம்பி உள்ளே வருகிறது. ஆனால் பச்சை மஞ்சள் கம்பியை மட்டும் நறுக்கி, மடக்கி, கறுப்பு டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தார்கள். பாடியில் எங்கேயும் மாட்டவில்லை. 230 வோல்ட்டில் ஹீட்டர் ஓடுகிற இரும்புச் சாமான் இது. அதே கம்பியை எலக்ட்ரீஷியன் ஒரு ஸ்க்ரூவில் மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடம் உங்கள் பட்டறையில் யாருக்கும் இல்லையா? இதே லாட்டில் வேறு யாருக்கெல்லாம் மெஷின் போயிருக்கிறதோ, அவர்களுக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். என் பணம் அதற்கு அப்புறம்.

இனி மெஷின் என் தலையில் கட்டப்பட்ட கதை.

நானும் மனைவியும் மட்டும் நடத்தும் சின்னப் பட்டறை இது. தீபாவளி சமயத்தில் அக்கா மகன் வந்து உதவுவான். கார்டு ஹோல்டர், பாஸ்போர்ட் கவர், பெல்ட், சாவிக்கொத்து செய்கிறோம். தோல் பெரும்பாலும் ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் வரவழைக்கிறேன். முன்பெல்லாம் பெயர் பதிக்க வேண்டுமென்றால் வடாலாவில் ஒரு பைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவேன். போக வர அரை நாள் போய்விடும். சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் நல்லது என்று உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் விற்பனைப் பிரிவுத் தம்பி தமிழில் பேசினார். மும்பையில் இந்தியிலும் மராத்தியிலும் விலை பேசிப் பேசி அலுத்தவனுக்கு அதுவே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது.

அவர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். பட்ஜெட் எவ்வளவு? எவ்வளவு பெரிய பிளேட் வேண்டும்? என்ன தோல் என்று கேட்கவில்லை. லோகோ எவ்வளவு பெரிது, அதைச் செதுக்கிய அச்சு (டை) பித்தளையா ஜிங்க்கா, தோலின் கனம் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், எதுவுமே கேட்கவில்லை. நான் 8க்கு 10 செ.மீ. பிளேட் உள்ள சின்ன மெஷினைத்தான் முதலில் பார்த்தேன். "அண்ணே, அது விசிட்டிங் கார்டுக்குத்தான் சரி. 20க்கு 30 எடுங்க. நாலு டை மாட்டினா ஒரே இழுப்புல நாலு பீஸ்" என்றார். என் பேராசையும் சேர்ந்துகொண்டது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு டை 650 ரூபாய் என்று நான்கு ஜிங்க் டை அடித்து வைத்தேன்.

உங்கள் விளம்பரத்தில் "500 கிலோ அழுத்தம்" என்று போட்டிருக்கிறீர்கள். 20க்கு 30 என்றால் 600 சதுர சென்டிமீட்டர். முழு பிளேட்டுக்கும் டை வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. அதே 500 கிலோ ஒரு சின்ன டை மேல் நடுவில் இறங்கினால் தாராளம். பிளேட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் லிவரை இழுக்கும் கை அதே கைதானே? அத்தோடு, இந்த பிளேட் நடுவில் ஒரே தண்டில் தொங்குகிறது. பக்கத்துக்கு ஒரு கைடு தூண் கிடையாது. ஓரத்தில் டை மாட்டினால் பிளேட் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்கிறது.

இதை நான் வாயால் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பில் பேப்பரை நான்கு கீற்றாகக் கிழித்து, பிளேட்டின் நான்கு மூலைக்கடியில் ஒவ்வொன்றாக வைத்து லிவரை இறக்கினேன். ஒவ்வொரு கீற்றையும் இழுத்தால் கையிலேயே தெரிந்துவிடும். மூன்று மூலையில் கீற்று நகரவில்லை. முன் இடது மூலையில் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது.

அடுத்தது சூடு. லோகார் சால் எலக்ட்ரிக்கல் கடைத்தெருவில், தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கம்பி மாட்டிய ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி வந்தேன். மெஷினை 110 டிகிரியில் வைத்து, அரை மணி நேரம் சூடேற விட்டு, சூடு தாங்கும் கேப்டன் டேப்பால் தெர்மோகப்பிள் முனையை ஒட்டி ஒட்டி அளந்தேன். நடுவில் 108. பின் வலது மூலையில் 121. முன் இடது மூலையில் 86. ஒரே பிளேட்டில் 35 டிகிரி வித்தியாசம். கன்ட்ரோலரோ எந்தக் கவலையும் இல்லாமல் 110 என்று காட்டிக்கொண்டிருந்தது. தூக்கலாகச் சூடேறும் மூலைதான் ஹீட்டருக்குப் பக்கம் என்பது மூடியைக் கழற்றினால் தெரிகிறது. இரண்டு ஹீட்டர் இருக்க வேண்டிய பிளேட்டில் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. "பிஐடி கன்ட்ரோல்", அதாவது சூட்டை ஏற்ற இறக்கம் இல்லாமல் தானே கணித்து நிறுத்தும் முறை, என்று விளம்பரத்தில் இருக்கிறது. கன்ட்ரோலரின் மெனு முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி ஒரு அமைப்பே அதில் இல்லை. சூடு ஏறினால் ஆஃப், இறங்கினால் ஆன், அவ்வளவுதான் அதன் வேலை. 110 வைத்தால் நடுவிலேயே 124 வரை ஏறி, அப்புறம் 101 வரை இறங்கி ஊசலாடுகிறது. சோதனைத் துண்டில் சரியாக விழுந்த லோகோ அடுத்த இழுப்பில் வேறு மாதிரி விழுவது இதனால்தான்.

ஃபாயில் ஒட்டுவது சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சேர்ந்த கணக்கு. பாலியெஸ்டர் ஃபிலிமில் மெழுகுப் பூச்சு, அரக்கு, அலுமினியம், பசை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. சூடு போதவில்லை என்றால் பசை இளகாது, தங்கம் பொடிப்பொடியாக உதிரும். கூடிப்போனால் எழுத்தின் ஓரம் கசிந்து, உள்வட்டம் அடைந்துபோகும், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட வெஜ் டேன் தோல் கருகும். என் தோல் முக்கால்வாசி வெஜ் டேன். குரோம் உப்பில் பதனிட்ட தோல் போல அது அவ்வளவு சூட்டைத் தாங்காது.

செப்டம்பர் கடைசியில், மிட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் ஒரு அலுவலகத்துக்கு 150 கார்டு ஹோல்டர் ஆர்டர். தீபாவளிப் பரிசு. தைப்பதற்கு முன் முகப்புத் துண்டில் லோகோ போட வேண்டும். ஒரே ஒரு டையை நடுவில் மாட்டிச் சோதித்தேன், அருமையாக வந்தது. நம்பி நான்கையும் மாட்டினேன். முன் இடது துண்டில் லோகோவின் பாதி மீன் செதில் போல நகத்தில் வந்துவிட்டது. பின் வலதில் "ஓ" எழுத்தின் ஓட்டை தங்கத்தால் நிறைந்து, சுற்றிலும் ஒரு கறுப்பு விளிம்பு. சூட்டைக் குறைத்தால் அது போயிற்று, இது ஒட்டவில்லை. கூட்டினால் இது ஒட்டியது, அது கருகியது. முன்பக்கம் அட்டை வைத்து உயர்த்தினேன். சிவகாசியில் பிரஸ்ஸில் இருந்த என் மாமா இதைத்தான் மேக்ரெடி என்பார். கொஞ்சம் சரியானது. ஆனால் உங்கள் மெஷினோடு வந்த இரட்டைப் பக்க டேப், சூட்டில் இளகி, ஒரு டை மூன்று மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. சரிக்கட்டியாயிற்று என்று நினைத்து நல்ல தோலை வைப்பேன், ஊசலாடும் சூடு வந்து கெடுக்கும். இப்படி 38 துண்டுகள் போயின. துண்டுக்கு 140 ரூபாய்த் தோல். கடைசியில் 150ஐயும் மறுபடி வடாலாவுக்கே தூக்கிக்கொண்டு போய், துண்டுக்கு 12 ரூபாய் கொடுத்துப் போட்டு வாங்கி வந்தேன். அந்தப் பட்டறைக்காரர் சிரித்த சிரிப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உங்கள் சர்வீஸ் பிரிவின் பதில்கள்: "டெம்பரேச்சர் கூட்டுங்க சார்." அடுத்த நாள், "குறைச்சுப் பாருங்க சார்." அதற்கு மறுநாள், "உங்க தோல்ல எண்ணெய் இருக்கு சார்." இந்த மூன்றாவது பதிலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மெழுகேற்றிய புல்அப் தோலில் ஃபாயில் பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஆர்டர் சாதாரண வெஜ் டேன், அதே துண்டுகளில் வடாலாவில் ஒன்றுகூடக் கெடவில்லை. நீங்கள் இலவசமாகக் கொடுத்த தங்க ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது காகிதத்துக்கான ரகம். தோலில் போட்டு, செலோ டேப் ஒட்டி உரித்தால் முழு லோகோவும் டேப்பில் வந்துவிடுகிறது. தோல் வேலைக்கு என்று தெரிந்தே அதைக் கொடுத்திருக்கிறீர்கள்.

என்னைப் போன்ற சின்னப் பட்டறைக்கு என்ன மெஷின் சரி என்று இந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன். உங்கள் தம்பிக்கும் பயன்படட்டும். சின்ன பிளேட் போதும், 8க்கு 10 தாராளம். இரண்டு பக்கமும் கைடு தூண் வேண்டும். தெர்மோகப்பிள் டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கன்ட்ரோலர் உண்மையிலேயே பிஐடியாக இருக்க வேண்டும். டையை டேப்பில் ஒட்டாமல் கவ்விப் பிடிக்கும் பள்ளம் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கார்டு ஹோல்டர் தோலும் நான்கு மில்லிமீட்டர் பெல்ட்டும் மாறி மாறி வரும் என்பதால், பெட் உயரத்தைத் திருகி மாற்ற வசதி வேண்டும். காற்றில் இயங்கும் மெஷினில் அழுத்தம் ஒரே சீராக இருக்கும்தான். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கம்ப்ரஸரை எங்கே வைப்பது? அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்? இதெல்லாம் போனில் ஐந்து நிமிடத்தில் கேட்டிருக்கக்கூடிய விஷயம். நீங்கள் 8க்கு 10ஐயே விற்றிருந்தால் உங்களுக்கு வருமானம் குறைந்திருக்கும், எனக்கு வேலை நடந்திருக்கும்.

அக்டோபர் 24 மெயிலில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். மெஷினைத் திருப்பி அனுப்பும் லாரி வாடகை என்னுடையது என்பது ஒன்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை இப்படி நடத்திக் காட்ட வேண்டாம். இன்னொன்று, தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்பது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)இல் உள்ள விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் "வணிக நோக்கம்" என்பதில் வராது. வழக்குப் போட நான் கோவைக்கு வரவேண்டியதும் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது.

நான் கேட்பது இது. மெஷின் விலை 42,480, லாரி வாடகை 2,300, கெட்டுப்போன தோல் 5,320, வடாலாவில் கொடுத்த கூலி 1,800, ஆக மொத்தம் 51,900 ரூபாய். டைகளுக்கான 2,600ஐக் கேட்கவில்லை, அவை வேறு மெஷினில் எனக்குப் பயன்படும். பணம் தர மனமில்லை என்றால், மேலே சொன்ன மாதிரி 8க்கு 10 மெஷின் ஒன்றை, ஒன்பது இடத்தில் சூடு அளந்து எழுதிய தாளோடு அனுப்புங்கள், விலை வித்தியாசத்தையும் மற்றச் செலவுகளையும் கொடுங்கள், அதற்கும் சம்மதம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் 1915இல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, ஆணையத்துக்குப் போவேன்.

மெஷினை எடுக்க ஆள் அனுப்பினால் இரண்டு பேராக அனுப்புங்கள். எடை 32 கிலோ, என் பட்டறை மாடியில் இருக்கிறது, ஏறி இறங்க இரும்பு ஏணி ஒன்றுதான். காலை 11 மணிக்குள் வந்தால் சந்தில் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
தோல் பொருள் பட்டறை உரிமையாளர்,
தாராவி, மும்பை