உழவாரப்பணி அன்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கணவர் போன பிறகு கோயில் வாசலை மிதிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படி இருந்தவளை மாசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், "சாமி கும்பிட வேண்டாம் அக்கா, புல் செதுக்க ஆள் போதவில்லை, வாருங்கள்" என்று அழைத்துப்போன பக்கத்து வீட்டுத் தங்கைக்கு முதல் நன்றி. தரிசனத்துக்கு என்று கூப்பிட்டிருந்தால் நிச்சயம் வந்திருக்க மாட்டேன்.

குடமுருட்டிக் கரையில் உள்ள நம் சிவன் கோயில் சிறியதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரகாரம் முழுவதும் கோரையும் அருகும் மண்டிவிடுகின்றன. மாசியில் மண் இறுகிவிடும். இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், வேர் கல்லிடுக்கிலேயே தங்கிவிடும். முந்தின நாள் மாலையே தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும், உழவாரம் என்னும் புல் செதுக்கும் கருவியின் அலகைத் தரையோடு தரையாகச் சாய்த்துத் தள்ள வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் குழுவின் பெரியவர். மதிலில் முளைத்திருந்த அரசங்கன்றை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் கன்றின் வேர், காரைக்குப் பின்னால் முழ நீளம் ஓடியிருந்தது. சுற்றிலும் காரையைக் கொத்தி, வேரை முழுதாக எடுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பூசி முடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுதே ஆயிற்று. அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. என்னையும் அவசரப்படுத்தியதில்லை.

நான் சன்னதிக்குள் போகாததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. குருக்கள் ஐயா மட்டும் தீபாராதனை முடிந்ததும் நான் குனிந்திருந்த இடத்துக்கே விபூதித் தட்டை எடுத்துவந்து நீட்டிவிட்டுப் போவார். முதலில் கை நீட்டக் கூச்சமாக இருந்தது. பிறகு காலடி ஓசை கேட்டதும் கையைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

மடைப்பள்ளிப் பாட்டியம்மாவுக்கும் என் வணக்கம். விளக்குகளைச் சுடுநீரில் ஊறவைத்து, சீயக்காய்த் தூள் போட்டுத் தேங்காய் நாரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பிறகு புளியால் துலக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வேலை நடுவே அவர் தம் துக்கத்தையும் சொன்னார், நானும் சொன்னேன். வீட்டில் உறவினர் முன்னால் வராத அழுகை அங்கே வந்தது.

ஓதுவார் ஐயா ஒருநாள் திலகவதியார் கதையைச் சொன்னார். அப்பர் பெருமானின் தமக்கை அவர். பெற்றோரை இழந்தார், மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்துபோக, உயிரை விடத் துணிந்தார். தம்பிக்காக அந்த எண்ணத்தை விட்டு, திருவதிகைக் கோயிலைக் கூட்டி, மெழுகி, பூப்பறித்துக் காலத்தைக் கடத்தினார். சிறு வயதிலிருந்தே கேட்ட கதைதான். ஆனால் அன்றுவரை என் கண்ணுக்கு அப்பர் மட்டுமே தெரிந்திருந்தார். கையில் துடைப்பத்தோடு அந்தப் பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.

உதிர்ந்த வேப்பிலைகளைக் கூட்டி முடியாமல் கை ஓய்ந்த மாசி போய், மரம் செந்நிறக் கொழுந்து விட்ட பங்குனியில் ஒரு மாலை, ஓதுவார் பாடும்போது மண்டபத் தூணோரம் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் உதடு மட்டும் அசைந்தது. பங்குனி உத்திரத்தன்று என் குரல் எனக்கே கேட்டது. அன்று சன்னதிக்கும் போனேன். எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை, நின்றேன், அவ்வளவுதான். கணவர் நினைவு வந்தது. நெஞ்சு அடைக்கவில்லை. துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது இரவில் தூங்குகிறேன், பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூஜை வருகிறது. முந்தின நாள் மாலை பிரகாரத்துக்குத் தண்ணீர் விடும் வேலையை எனக்கே கொடுங்கள். பூஜையன்று பானகமும் நீர்மோரும் என் பொறுப்பு. எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் சகோதரி