திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு மடல்

நம் சபைகளில் திடப்படுத்தல் வகுப்பு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபைமுன் அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பு) நடத்தும் ஐயர்மாராகிய போதகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துதல்.

எனக்குத் திடப்படுத்தல் ஆனபோது வயது 15. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் மனப்பாடம், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்தார். வெள்ளைச் சேலையில் போட்டோ எடுத்தோம், வீட்டில் பிரியாணி. ஆனால் அந்த நான்கு மாத வகுப்பில் ஒருவர்கூட என்னைத் தனியாக உட்காரவைத்து, "இயேசுவுக்கு நீ என்னம்மா பதில் சொல்கிறாய்?" என்று கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ள இன்னும் 11 வருஷம் ஆயிற்று. இப்போது பிள்ளைகளுக்கு வேதம் கற்றுக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கும்போது முன்வரிசையில் என்னையே பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பேலிக்ஸை நினைத்துப் பாருங்கள். யூதேயாவின் ரோமத் தேசாதிபதி. கிறிஸ்துவின் மார்க்கத்தைப் பற்றி அவன் ஏற்கெனவே நன்றாக அறிந்தவன் என்று வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. செசரியாவில் கைதியாக இருந்த அப்போஸ்தலன் பவுலை அவனே அழைப்பித்து, மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து கேட்டான். அவள் முதல் கணவனை விட்டுவிட்டு இவனோடு வந்தவள். அந்த இருவர் முன்னால் பவுல் நீதியையும், இச்சையடக்கத்தையும், இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பேசினார். பேலிக்ஸுக்குப் பயம் வந்தது. வார்த்தை அவனைத் தொட்டுவிட்டது! ஆனாலும் அவன் சொன்னது, "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்பதுதான்.

அழைக்கவும் செய்தான், பல தடவை. பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. இப்படியே 2 வருஷம் ஓடியது. அப்புறம் அவனுக்குப் பதிலாகப் பெஸ்து தேசாதிபதியாக வந்தான். யூதருக்குத் தயவு செய்ய நினைத்த பேலிக்ஸ், பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான். வேதத்தில் அவன் கதை அதோடு சரி. பவுலின் வாயிலிருந்தே அத்தனை முறை சுவிசேஷம் கேட்டவன்! 'மாட்டேன்' என்று அவன் ஒருநாளும் சொன்னதாக இல்லை. அவன் தள்ளிப்போட்டதே பதிலாக நின்றுவிட்டது. நம் பிள்ளைகளும் அப்படித்தான், ஐயா. வாரம் தவறாமல் கேட்கிறார்கள், கன்வென்ஷன் ஜெபக்கூட்டங்களில் அழுகிறார்கள், திங்கட்கிழமை எல்லாம் பழையபடி. கோயிலுக்கு வருகிறார்கள் என்பதை வைத்து நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

இயேசுவின் இருபக்கமும் சிலுவையில் தொங்கிய அந்த இரண்டு கள்ளருக்கும் இருந்ததோ சில மணி நேரம். ஞானஸ்நானம் இல்லை, வகுப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே தண்டனை, ஒரே வேதனை, நடுவில் அதே இயேசு. ஒருவன் கடைசிவரை இகழ்ந்தான். மற்றவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, "அடியேனை நினைத்தருளும்" என்றான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. நித்தியம் பிரிந்த இடம் அந்தப் பதில்தான். இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நரகப் படங்கள் வேண்டாம். சிறுவயதில் அப்படிப்பட்ட படங்களைப் பார்த்து ராத்தூக்கம் கெட்டவள் நான். அந்தப் பயம் என்னை இயேசுவிடம் கொண்டுபோகவில்லை. உலகத்தை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்க அல்ல, இரட்சிக்கவே குமாரன் வந்தார் என்று யோவான் 3:17 சொல்கிறது. அதிலிருந்து தொடங்கினால், விசுவாசியாதவன் ஆக்கினைத்தீர்ப்புக்கு உட்பட்டவன் என்ற அடுத்த வசனத்தின் எச்சரிப்பும் தானாகவே புரியும்.

போன வருஷம் ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, என் சிநேகிதியின் பாட்டி கோயிலுக்கே வந்ததில்லை. அவங்களுக்கு என்ன ஆகும்?" தீர்ப்பு ஆண்டவருடையது, அவர் நம் எல்லாரையும்விட நீதியும் இரக்கமும் உள்ளவர் என்றேன். சீஷன் யோவானின் முடிவு என்ன என்று இன்னொரு சீஷனான பேதுரு விசாரித்தபோது இயேசு, "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றதையும் வாசித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ என்னைத்தான் கேட்கிறாரா?" என்றாள். அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு பாடப்புத்தகத்திலிருந்தும் வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். மனப்பாடம் இருக்கட்டும், அது பிற்காலத்தில் கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு சாயங்காலமாவது தனியாக உட்காருங்கள், பெற்றோர் கண்ணில் படும்படி கோயில் திண்ணையிலேயே. கிறிஸ்துவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்பதை விட்டுவிட்டு, அவரை என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள். "இன்னும் தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னால் திட்டாதீர்கள். பேராயர் வரும் தேதி குறித்தாகிவிட்டது, சொந்தக்காரரை அழைத்தாகிவிட்டது என்பதற்காக அதை வரிசையில் நிறுத்தவும் வேண்டாம். அடுத்த வருஷம் வரை காத்திருக்க விடுங்கள். அதுவரை அதோடு நடங்கள். பெற்றோர் வருத்தப்படுவார்கள். அவர்களிடம் பேச ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை