திருட்டு இணையத்தளங்களை மூடுவது ஏன் எளிதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய திரைப்படங்களையும் நூல்களையும் திருட்டுத்தனமாக வெளியிடும் இணையத்தளங்களை அரசாங்கம் மனம் வைத்தால் ஒரே நாளில் மூடிவிடலாம் என்று தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்கான வினாவிடைத் தொகுப்புகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை புத்தகக் கடைகளுக்குக் கொடுத்துவருபவன் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்கும் உண்டு. என் தொகுப்பொன்று ஒரு தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் நுனி பக்க ஓரத்தில் தெரிகிறது. முதல் பக்கத்தில் கடையின் முத்திரையும், பென்சிலால் குறித்த விலையும்கூட அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தத் தளத்தை யார் எங்கிருந்து நடத்துகிறார் என்பதை அறிய எந்த வழியும் அதில் இல்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தளத்தின் பெயர் ஒரு நாட்டு நிறுவனத்தில் பதிவாகியிருக்கும். கோப்புகள் இன்னொரு நாட்டு சேர்வரில், அதாவது அவற்றைச் சேமித்து இணையத்தில் வழங்கும் கணினியில், இருக்கும். நடத்துபவர் மூன்றாவது நாட்டில் இருப்பார். பதிவு செய்தவரின் பெயரை மறைத்து வைப்பதற்கென்றே கட்டணச் சேவைகள் உண்டு. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையில் நின்று பக்கங்களைக் கொண்டுசேர்க்கும் கிளவுட்பிளேர் போன்ற நிறுவனமொன்றின் சேவை இருந்தால், உண்மையான சேர்வர் எங்கே இருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. இத்தகைய நிறுவனங்கள் நேர்மையான இலட்சக்கணக்கான தளங்களுக்கும் இதே சேவையை வழங்குவதால், அவற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எளிதன்று.

நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் பலவீனமானதென்று நான் கருதவில்லை. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றம் ஆறு மாதம் வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தெருவோரத்தில் திருட்டு இறுவட்டு விற்றவரைப் பிடிக்க இது போதுமாக இருந்தது. ஆனால் சட்டத்தின் கை நாட்டின் எல்லை வரைதான் நீளும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பேர்ன் உடன்படிக்கை எங்கள் நூலுக்குப் பிற நாடுகளிலும் பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மை. எனினும் அந்தப் பாதுகாப்பைக் கேட்டு வழக்காட வேண்டிய இடம் அந்தந்த நாட்டின் நீதிமன்றம்தான். 2002ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிச் சட்டத்தின் வழியே அரசாங்கங்கள் ஒன்றிடம் ஒன்று குற்றச் சான்றுகளைக் கேட்கலாம். மூவாயிரம் ரூபாய்ப் புத்தகத்துக்காக அந்த நீண்ட வழியில் யார் போவார்?

பணமும் செல்வாக்கும் உள்ளவர்களே தடுமாறியிருக்கிறார்கள். திருட்டுப் படங்களைத் தேடியெடுக்க உதவும், சுவீடனில் இயங்கிய பைரேட் பே தளத்தின் சேர்வர்களை அந்நாட்டுப் பொலிஸார் 2006 மே மாத இறுதியில் அள்ளிச் சென்றனர். சில நாட்களிலேயே தளம் திரும்பி வந்தது. 2009இல் அதனுடன் தொடர்புடைய நால்வருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் மீண்டும் சோதனை நடந்தது. அடுத்த மாத இறுதிக்குள் தளம் மறுபடியும் இயங்கியது. அந்தத் தளத்தில் படம் எதுவும் இல்லை. படம் இருக்கும் கணினிகளைக் காட்டும் சிறு இணைப்புகள் மட்டுமே இருந்தன. அவற்றை எவரும் பிரதியெடுத்து இன்னொரு பெயரில் புதுத்தளம் தொடங்கிவிடலாம். கோப்புகளை ஏற்றிப் பகிரும் தளமான மெகாஅப்லோட்டின் வழக்கு இன்னும் விசித்திரமானது. 2012 ஜனவரியில் அமெரிக்கா அத்தளத்தை முடக்கியது. அதன் நிறுவுநர் கிம் டொட்கொம்மை நாடுகடத்தும் உத்தரவில் நியூசிலாந்து அமைச்சர் கையொப்பமிட்டது 2024இல்தான்.

தளத்தை மூட முடியாவிட்டால் தடையாவது செய்யலாமே என்பார்கள். தடை என்பது இணைய சேவை வழங்குநர்கள் நம் நாட்டு வாடிக்கையாளருக்கு அந்த முகவரியைக் காட்டாமல் இருப்பதுதான். வீட்டை இடிக்காமல் வீதியிலிருந்த பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவது போன்றது அது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றை அரசாங்கம் தடுத்தபோதும், 2022 ஏப்ரலில் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டங்களின்போது மறுபடி தடுத்தபோதும், நாடெங்கும் மக்கள், வேறு நாட்டிலிருந்து இணையத்தில் நுழைவது போலக் காட்டும் வீ.பீ.என். செயலியைத் தரவிறக்கித் தடையைத் தாண்டினார்கள். அப்போது கற்ற வித்தை இப்போது படம் பார்க்கவும் உதவுகிறது.

இந்தியாவில் தில்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சற்று மாறுபட்ட தீர்ப்பொன்றை வழங்கியது. தடைசெய்யப்பட்ட தளம் வேறு பெயரில் தலையெடுத்தால், புதிதாக வழக்குத் தொடராமல் நீதிமன்றப் பதிவாளர் முன்னிலையில் அந்த முகவரியையும் பட்டியலில் சேர்க்க அது வழி செய்தது. திருடர்கள் ஓடும் வேகத்துக்குச் சட்டம் நெருங்கி வந்தது அங்கேதான் என்பது என் எண்ணம். ஆனாலும் அது தளத்தைக் கொல்லவில்லை. தேடிப் போகிறவரைச் சற்று அலையவிடுகிறது, அவ்வளவே. அலைச்சலுக்கு அஞ்சிச் சிலராவது காசு கொடுத்துப் பார்ப்பார்கள், வாங்குவார்கள்.

எனக்குக் கைகொடுத்தது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி உரிமையாளர் முறையாக அறிவித்தல் அனுப்பினால், அந்தக் கோப்பினைத் தன் சேர்வரில் வைத்திருக்கும் நிறுவனம் அதனை நீக்க வேண்டும். நீக்கினால் அந்த நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நான் அனுப்பினேன், இணைப்பு நீங்கியது. பிறகு அதே கோப்பு இன்னொரு முகவரியில் அதே கட்டைவிரலுடன் வந்துவிட்டது. அறிவித்தலில் குறித்த முகவரிக்கு மட்டுமே நீக்கம் என்பதுதான் அச்சட்டத்தின் கணக்கு. நமக்கோ ஒன்றைத் துரத்தும்போது பத்து முளைக்கின்றன.

ஆகவே வாசக அன்பரிடம் என் வேண்டுகோள், 'ஏன் மூடவில்லை' என்பதோடு நில்லாமல், அத்தளங்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும் என்பதே. பல தளங்கள் சூதாட்டம் போன்ற விளம்பரங்களில் வாழ்கின்றன; பணம் சென்றடையும் கணக்கு சேர்வரைப் போல எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது. நம் சட்டத்தைத் திருத்தும்போது, தில்லி நீதிமன்றம் செய்தது போன்ற விரைவுக் கட்டளைக்கு இடம் வைக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் நீதிமன்றத்தின் கையில் மட்டும் இருக்க வேண்டும்; தடை செய்யப்படும் தளத்தின் உரிமையாளர் வந்து மறுத்துரைக்க வாய்ப்பும் இருக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் தளங்களை மூடும் அதிகாரத்தை அமைச்சுக்குக் கொடுத்தால், 2022 ஏப்ரலில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

இப்படிக்கு,
வினாவிடைத் தொகுப்பு வெளியிடும் ஆசிரியர்,
நுவரெலியா மாவட்டம்.