ஏரிக்கரையோடு முடியவில்லை வேடந்தாங்கல்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும் மாநில வன உயிரின வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் வேடந்தாங்கல் கரையில் வந்து நில்லுங்கள். காலையில் இரைக்குப் போன நத்தைகுத்தி நாரைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். அதே நேரத்தில் வக்காக்கள் ராத்திரி வேட்டைக்குக் கிளம்பும். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களோ, எச்சம் வழிந்து வழிந்து சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும்.

அந்த எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து, மதகு வழியாக எங்கள் வயலுக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் பாயும் நிலத்துக்கு யூரியா குறைவாகப் போட்டாலே போதும். ஒரு நாரையை அடித்தால் ஒருவேளைக் குழம்பு. விட்டுவைத்தால் வருஷா வருஷம் உரம். இந்தக் கணக்கு எங்கள் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார்.

சரி, அந்த உரம் எங்கிருந்து வருகிறது? ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு அதில் தீனி ஏது? சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் குட்டைகளிலும் நெல் வயல்களிலும் நத்தை, மீன், தவளை பொறுக்கித் தின்றுவிட்டு இங்கே வந்து அடைகின்றன. ஏரி அவற்றின் வீடு என்றால், அடுப்படி வெளியில் இருக்கிறது. 1998-ல் சரணாலயத்தை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்று அறிவித்தது அதனால்தான் பொருத்தமாகப்பட்டது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க முன்மொழிவு வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் சின்னக் கோடுதான், பறவைக்கு அது சோற்றுத் தட்டு.

அப்படி ஒரு யோசனை இனி எழவே கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த எல்லைக்குள் புதிதாக எதற்கு அனுமதி கேட்டு வந்தாலும், பறவை எங்கே மேய்கிறது என்பதை முதலில் பாருங்கள். சுற்றியுள்ள ஏரிகளின் வரத்துக்கால்வாய்களை மழைக்கு முன்பே தூர்வார ஏற்பாடு செய்யுங்கள். அப்புறம், நத்தைக்கு விஷம் தெளிக்காமல் நெல் விளைவிப்பவருக்கு ஏதாவது ஊக்கத்தொகை கொடுங்கள். நாரைக்குச் சோறு போடுகிறவர் அவர்தான். அவருடைய வயல் சரணாலய எல்லைக்கு வெளியே இருந்தாலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரில் பயிர் செய்யும் விவசாயி