வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே ஒரு கட்டடத்தைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். தென்மேற்கு பிரான்சில், ஃபுமேல் என்ற சிற்றூருக்கு அருகே பாறைமேல் நிற்கும் போனாகில் கோட்டையை எடுத்துக்கொண்டோம். "லுவார் ஆற்றுப் பக்கம் அத்தனை அழகான மாளிகைகள் இருக்க, இந்த இடிபாடு எதற்கு?" என்று அன்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

13ஆம் நூற்றாண்டில் எழுந்த பழைய பகுதியை ஒரே கூட்டத்தில் முடித்துவிட்டோம். பேச்சு சூடு பிடித்தது கோட்டையின் பிரபு பெரான்ஜே தெ ரோக்ஃபெய் கதைக்குள் வந்த பிறகுதான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, சுமார் நாற்பது ஆண்டுகள் இந்தப் பிரபு கட்டிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூற்றாண்டுப் போரோ 1453இலேயே முடிந்துவிட்டது. அவர் வேலை முடிகிற சமயத்தில் லுவார் பக்கத்து ஷாம்போரில் பிரெஞ்சு அரசர் பெரிய சன்னல்களும் அலங்காரப் புகைபோக்கிகளுமாக மாளிகைக்கு அடித்தளம் போடுகிறார் (1519). இவரோ அகழி, தூக்குப் பாலம், வாசலுக்கு முன்னே தனியாக ஒரு முன்கோட்டை என்று போய்க்கொண்டிருக்கிறார்.

அவர் காலம் தெரியாத மனிதரா? இதை வைத்து நம் இரண்டு கூட்டங்களில் சண்டை நடந்தது. என் கட்சி: இல்லை. உருவம்தான் பழசு, கணக்கு புதுசு. நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கி, பீரங்கித் துளைகள் சுவர்களில் இருக்கின்றன. அகழிக்குள் இறங்கியவனைச் சுடுவதற்கென்றே சில துளைகள் தாழ்வாக வைக்கப்பட்டவை. நடுக் கோபுரம் கப்பலின் முனைபோலக் கூராக இருக்கிறது. குண்டு நேராக மோதாமல் சறுக்கிப் போகும். (நம் அட்டை மாதிரியில் அந்த முனையைத் திசை மாற்றி ஒட்டிவிட்டோம். பசை காய்ந்த பிறகுதான் தெரிந்தது.) இத்தனையும் செய்து அவர் காத்திருந்த படை அவர் காலத்தில் வரவே இல்லை.

18ஆம் நூற்றாண்டில் மார்கரீத் தெ ஃபுமேல் என்ற சீமாட்டி வாங்கி, மேடைகள் அமைத்து வசிப்பிடமாக்கினார். நூறு ஃபிராங்கும் ஒரு மூட்டை வால்நட்டும்தான் விலை என்பது ஊர்க்கதை, எனக்கு நம்பிக்கையில்லை. அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி வந்தது, கூரைகள் போயின. 1860இல் ஃபுமேல் ஊராட்சி வாங்கிக்கொண்டது. 1908இல் சைக்கிளில் கோட்டை கோட்டையாகச் சுற்றிய இளைஞர் டி. இ. லாரன்ஸ், இவ்வளவு முழுமையாக நிற்பதை இடிபாடு என்பதே வேடிக்கை என்று எழுதினார். பின்னாளில் அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயர் பெற்றவர்தான். அதைப் படித்த அன்று என் பழைய முணுமுணுப்பை வாபஸ் வாங்கினேன்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒளிப்பட நூல் இரவல் வாங்கியவர்கள் திருப்பித் தரவும். அட்டைக் கோட்டை பின்னறை மேசையில் இருக்கிறது. முனையைப் பிரித்துச் சரியாக ஒட்ட இரண்டு பேர் தேவை.

இப்படிக்கு,
செயலாளர்