இல்லம் கட்ட வேண்டாம், சித்தப்பா

ஹூயே, ருவாண்டா
18 ஆகஸ்ட் 2019

பெருமதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலமாக இருக்கிறேன். தாங்களும் சித்தியும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. இந்நாட்டு அனாதைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் கட்டித் தர நம் ஊர்ச் சங்கம் முடிவெடுத்திருப்பதையும், அதற்கு ஏற்ற இடத்தையும் நம்பகமான ஆட்களையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருப்பதையும் படித்து நெகிழ்ந்து போனேன். முகம் தெரியாத பிள்ளைகளுக்காக வயல் வருமானத்திலிருந்து பணம் எடுத்து வைக்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனாலும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லம் கட்ட வேண்டாம். ஏன் என்பதை விரிவாக எழுதினால்தான் சங்கத்தார் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் பாடம் நடத்தும் ஹூயே, முன்பு புட்டாரே என்ற பெயரில் அறியப்பட்ட பல்கலைக்கழக நகரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைச்சரிவுகள்தாம்; அவற்றில் வாழையும் அவரையும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் படிப்படியாகப் பயிரிட்டிருக்கிறார்கள். உயரமான இடமாதலால் ஆகஸ்டிலும் இரவில் கம்பளி தேவைப்படுகிறது. நாட்டின் மிகச் சிறிய நிர்வாக அலகுக்கு உமுடுகுடு என்று பெயர். நம் ஊரில் நாலைந்து தெருக்கள் சேர்ந்தாற்போல் இருக்கும். ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை காலையில் கடைகள் அடைத்திருக்கும். பெரியவர்கள் எல்லோரும் மண்வெட்டியும் கையுமாகச் சாலை சீரமைக்கவோ, ஆதரவற்ற ஒரு குடும்பத்துக்கு வீடு எழுப்பவோ கூடுவார்கள். உமுகாண்டா என்னும் இந்தப் பொது உழைப்பு முடிந்ததும் அங்கேயே அமர்ந்து ஊர் நிலவரம் பேசுவார்கள். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, எந்தத் தாய் படுக்கையில் கிடக்கிறாள் என்பதெல்லாம் அங்கே பேச்சில் வந்துவிடும். குழந்தைகளைக் காக்கும் ஏற்பாடு முழுவதும் இந்தச் சிறு ஊர்க்கூட்டத்தின் மீதுதான் நிற்கிறது என்பதை நான் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டேன்.

1994-இல் இங்கு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஏப்ரல் 7-ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில், ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படியே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் துட்சி இனத்தவர், கொல்லப்பட்டார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகள் சுமார் 95,000 பேர் என்று ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் மதிப்பிட்டது. பல வீடுகளில் பெரியவர் ஒருவர்கூட மிஞ்சாததால், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளே தம்பி தங்கையருக்குத் தாயாகவும் தகப்பனாகவும் நின்றார்கள். வயலில் இறங்கி உழைக்க அந்தப் பெண்ணுக்குத் தெம்பு இருந்தாலும், தகப்பனின் நிலத்தில் உரிமை கேட்க அன்றைய வழக்கம் இடம் கொடுக்கவில்லை. மகளுக்கும் மகனுக்கும் சமமான வாரிசுரிமை தந்த சட்டம் 1999-இல்தான் வந்தது. குழந்தைப் பாதுகாப்பு என்றதும் நாம் உணவையும் உடையையும் மட்டுமே நினைக்கிறோம். அந்தப் பிள்ளைகளைத் தெருவுக்குத் துரத்தியதில் பசிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு, பெண்ணுக்கு நிலம் இல்லை என்ற அந்த வழக்கத்துக்கும் உண்டு.

என் மாணவர்கள் வழியாக நான் அறிந்த ஒன்றைத் தங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். 1996-இல், இதே புட்டாரே பல்கலைக்கழகத்தில், இனப்படுகொலையில் தப்பிய பன்னிரண்டு மாணவர்கள் கூடி ஏ.இ.ஆர்.ஜி. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். விடுமுறை விட்டால் போக வீடில்லாதவர்கள், தங்களுக்குள்ளேயே குடும்பங்களை அமைத்துக்கொண்டார்கள். ஒரு மாணவர் தந்தை, ஒரு மாணவி தாய், மற்றவர்கள் பிள்ளைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெயரும் உண்டு. பிள்ளைக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவமனையில் உடனிருப்பவர் அந்தத் 'தாய்'. பட்டமளிப்பு விழாவில் பெருமையோடு நிற்பவர் அந்தத் 'தந்தை'. திருமணம் பேசும்போது பெரியவர்களின் இருக்கையில் அமர்பவர்களும் அவர்களே. இருபது வயதுப் பிள்ளைகள் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோராக இருந்திருக்கிறார்கள், சித்தப்பா. அவர்களுக்கு விடுதி அறையும், அரசு தொடங்கிய நிதியத்தின் வழியே கல்விக் கட்டணமும் கிடைத்தன. இருந்தும் அவர்கள் தேடியது, 'நீ என் பிள்ளை' என்று சொல்ல ஓர் ஆளை.

அந்தப் படுகொலை முடிந்த காலத்தில் அனாதை இல்லங்கள் பல எழுந்தன. அவை இல்லாதிருந்தால் எத்தனையோ குழந்தைகள் மடிந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காலம் மாறிய பிறகும் அவை நீடித்தன. 2012-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், முப்பதுக்கும் மேற்பட்ட இல்லங்களில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் வளர்வது தெரிந்தது. அவர்களில் கணிசமானோருக்குத் தாயோ தந்தையோ நெருங்கிய உறவினரோ உயிரோடு இருந்தார்கள். வறுமையால், நோயால், பள்ளிக்குப் பணம் கட்ட இயலாமல், பெற்றவர்களே கொண்டுவந்து விட்டவர்களும் அந்தப் பிள்ளைகளுள் இருந்தார்கள். நல்ல கட்டடமும் மூன்று வேளை உணவும் உள்ள இல்லம் ஒன்று அருகில் இருந்தால், ஏழைத் தாய் தன் குழந்தையின் நன்மைக்காகவே அதைப் பிரியத் துணிவாள். நாம் கட்டப்போகும் இல்லமும் அப்படி ஒன்றாகிவிடுமோ என்பதே என் அச்சம்.

அதே ஆண்டு அமைச்சரவை ஒரு கொள்கைக்கு ஒப்புதல் தந்தது: இல்லங்களை ஒரே நாளில் பூட்டாமல், ஒவ்வொரு குழந்தைக்கும் குடும்பம் தேடிக் கொடுத்துப் படிப்படியாக மூடுவது. 'குழந்தைகளைக் குடும்பத்தில் வளர்ப்போம்' என்று பொருள்படும் துபாரெரெரெ மு முர்யாங்கோ என்னும் திட்டம், தேசியக் குழந்தைகள் ஆணையமும் யுனிசெஃப்பும் இணைந்து 2013-இல் தொடங்கியது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் உளவியலாளர்களும் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் முதலில் குழந்தையின் சொந்தத் தாயையோ பாட்டியையோ தேடுகிறார்கள். கிடைத்தால், குழந்தையை ஏற்க அந்த வீட்டுக்கு என்ன குறை என்று பார்க்கிறார்கள். உறவினர் எவரும் இல்லாதபோதுதான் வளர்ப்புக் குடும்பத்தை நாடுகிறார்கள். அப்படி முன்வரும் பெற்றோரை மலாயிகா முரின்ஸி, அதாவது காவல் தேவதை, என்று அழைக்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு அம்மையார் இருக்கிறார். தையல் தொழில் செய்பவர். இல்லத்திலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுமியைத் தம் இரு மகன்களோடு வளர்க்கிறார். குழந்தையை ஒப்படைப்பதற்கு முன்பு பணியாளர்கள் பலமுறை வந்து வீட்டையும் வருமானத்தையும் பார்த்ததோடு, மகன்கள் இருவரிடமும் தனித்தனியே பேசினார்களாம். இப்போது அவ்வீட்டுக்கு வாரந்தோறும் வருபவர்கள் ஊர்க்காரர்களான இரண்டு தொண்டர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இவர்களுக்குப் பெயர் இன்ஷுதி ஸுமுர்யாங்கோ, குடும்பத்தின் நண்பர்கள். உமுடுகுடு ஒன்றுக்கு இருவர் வீதம் நாடு முழுவதும் ஏறத்தாழ 29,000 பேர் இருக்கிறார்கள். ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள், சம்பளம் இல்லாதவர்கள். அடிபடும் பிள்ளை, பள்ளியை நிறுத்திவிட்ட பிள்ளை, வீட்டு வேலைக்கு நகரத்துக்கு அனுப்பப்படவிருக்கும் பெண் என்று எது கண்ணில் பட்டாலும் முதலில் தாங்களே பேசிப் பார்க்கிறார்கள்; குற்றம் என்றால் காவல்துறைக்கும், உடல் தொடர்பானது என்றால் மருத்துவமனைக்கும் எடுத்துச் செல்கிறார்கள். அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவது அநாகரிகம் என்று எண்ணி வளர்ந்தவன் நான். குழந்தையின் காரியத்தில் அப்படி ஒதுங்குவதுதான் பெரும் தவறு என்று இந்த மக்களைப் பார்த்தபின் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று எழுதினால் தங்களை ஏமாற்றியவனாவேன். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்குக் குடும்பம் கிடைப்பது மிகவும் கடினம். இல்லங்களில் கடைசிவரை எஞ்சி நிற்பவர்கள் அவர்களே. தெருவில் திரியும் சிறுவர்களைப் பிடித்து இடைத்தங்கல் மையங்களில் அடைப்பதை மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகின்றன. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். சம்பளமில்லாத் தொண்டர்கள் சொந்த வயலையும் பார்த்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளையும் பார்ப்பதால் களைத்துப் போகிறார்கள். பிள்ளையைத் திரும்ப ஏற்ற குடும்பங்களில் வறுமை அப்படியேதான் இருக்கிறது.

சங்கத்தின் பணம் உதவக்கூடிய இடம் இதுதான். திரும்ப வந்த குழந்தை உள்ள வீட்டில் எல்லோருக்கும் சமூக மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவை முறிவின்றிக் கட்டினால், ஒரு காய்ச்சலுக்காக அந்த வீடு கடனில் விழாது. பள்ளிச் சீருடை, குறிப்பேடு, மதிய உணவுக்குப் பெற்றோர் தரவேண்டிய பங்கு ஆகியவை சிறு தொகைகள். ஆனால் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சிறு தொகைகளுக்காகத்தான். மாற்றுத்திறன் உள்ள குழந்தையை ஏற்கும் குடும்பத்துக்கு, மருத்துவமனைக்குச் சென்றுவரும் செலவே பெரும் சுமை. கட்டடத்துக்கு ஒதுக்கிய தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து, மாவட்டச் சமூகப் பணியாளர் பரிந்துரைக்கும் குடும்பங்களுக்கு அளிக்கலாம். பெயர்ப்பலகை வைக்க இடமிருக்காது என்று சிலர் வருந்தக்கூடும். தாங்கள் எடுத்துச் சொன்னால் ஏற்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் இக்கடிதத்தை முழுவதும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்மதம் என்றால் உடனே எழுதுங்கள். இங்குள்ள அலுவலகத்தில் முறைப்படி விசாரித்து, எந்த வழியாகப் பணம் அனுப்புவது, கணக்கை யார் பார்ப்பது என்ற விவரங்களை அனுப்புகிறேன். அம்மாவிடம் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள மகன்,
செந்தில்