சேம் சைடு கோலும் ஒளித்து வைத்த விடைத்தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களிடையே தன்னம்பிக்கை குறைந்துவருவது குறித்துத் தங்கள் மதுரைப் பதிப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிதோறும் மனநல ஆலோசகர் வேண்டும் என்ற அதன் கோரிக்கையில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி, மாலை ஐந்து மணிக்கு மேல் ரேஸ் கோர்ஸ் மைதானத்துப் பக்கம் போகிற எவர் கண்ணிலும் படும். அஞ்சல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள்வழிப் பேரனைக் கால்பந்துப் பயிற்சிக்கு அழைத்துப் போய்த் திரும்புவதே இரண்டு ஆண்டுகளாக மாலை வேலை. கோட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்ததை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

கடந்த மாதம் இன்னொரு பள்ளி அணியோடு ஓர் ஆட்டம். என் பேரன் பேக் ஆடுபவன், அதாவது எங்கள் கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுப்பவன். இரு அணிகளும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்த நேரத்தில், வலப்பக்கத்திலிருந்து வந்த பந்தை வெளியே தட்டிவிடப் போனான். அது அவன் முழங்காலில் பட்டுத் திரும்பி, எங்கள் கோலுக்குள்ளேயே உருண்டு போயிற்று. சேம் சைடு கோல். மேலதிகாரி முன்னால் உளறிக்கொட்டிச் சொந்தப் பிரிவையே மாட்டிவிடுகிறவரைப் பற்றி நாங்கள் அலுவலகத்தில் ஆயிரம் முறை சொல்லிச் சிரித்த சொல் அது. அதைப் போட்டவன் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். கோல் கீப்பராக நின்ற பையன் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்தான். பிறகு இவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, "விடு மாப்ள, அடுத்த பந்தப் பாரு" என்றான். அவ்வளவுதான். கோல் வாங்கிய அணிதான் நடுக்கோட்டிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும் என்பது கால்பந்தின் விதி. ஆகவே சறுக்கியவர்கள் காலுக்கே பந்து திரும்ப வந்தது, இவனும் ஓடத் தொடங்கிவிட்டான்.

அன்று இரவு தோசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே, "அம்மா, இன்னைக்கு நான் சேம் சைடு கோல் போட்டுட்டேன், தோத்துட்டோம்" என்றான். இதைப் பெரிதாக எழுதக் காரணம் இருக்கிறது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், கணக்குத் தேர்வில் 34 மதிப்பெண் வாங்கிய விடைத்தாளை இதே பையன் பரண்மேல் கிடந்த பழைய நாளிதழ்க் கட்டுக்குள் செருகி ஒளித்து வைத்திருந்தான். பழைய பேப்பர்காரர் தராசில் வைக்கும்போது அது நழுவி விழுந்து வீடே அமளிப்பட்டது. இரண்டும் தவறுதான், ஒன்றை ஒளிக்கவும் மற்றொன்றைச் சோற்றுத்தட்டின் முன் சொல்லவும் அவனுக்கு எப்படி முடிந்தது என்று பல நாள் யோசித்தேன். மைதானத்தில் நடந்ததை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். ஒளிக்க வழியே இல்லை. பார்த்த பிறகும் அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை, அடுத்த பந்து அவனிடம்தான் வந்தது. தன்மதிப்பு என்று நாம் சொல்வது பாராட்டினால் வளர்வதைவிட, பிழையோடு பிடிபட்ட பிறகும் தன் இடம் தனக்கு இருக்கிறது என்று அறிவதால் வளர்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தவறு செய்த ஆட்டக்காரருக்கு நடுவர் எச்சரிக்கையாகக் காட்டும் மஞ்சள் அட்டையையும் இந்த வகையில்தான் பார்க்கிறேன். 1970-ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் அறிமுகமான மஞ்சள், சிவப்பு அட்டைகள், கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருக்குச் சாலை சிக்னல் விளக்கைப் பார்த்துத் தோன்றிய யோசனை. (கோரிப்பாளையத்தில் நம்மவர்கள் மஞ்சள் விளக்குக்குக் காட்டும் மரியாதையை அவர் பார்த்திருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பார்.) மஞ்சள் வாங்கியவன் மைதானத்திலேயே இருக்கிறான், மீதி நேரம் தன் கோபத்தைத் தானே கட்டிக்கொண்டு ஆட வேண்டும். வீட்டிலும் வகுப்பறையிலும் நாம் எடுத்த எடுப்பில், ஆளை வெளியே அனுப்பும் சிவப்பைத்தான் நீட்டுகிறோம்.

பெண் பிள்ளைகளிடம் இந்த மாற்றம் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. எங்கள் தெருவில் ஒரு சிறுமி, கடையில் உப்பு கேட்டால்கூடக் கடைக்காரர் இரண்டு முறை "என்னம்மா?" என்று கேட்க வேண்டும், அப்படிப் பேசுவாள். வெயிலில் கறுத்துப் போவாய் என்று பாட்டி தடுத்தும் ஆடப் போனாள். ஆட்டத்தில் வாய் திறந்து கேட்காதவளுக்குப் பந்து வராது. ஆறு மாதத்தில் மைதானத்தின் மறுகோடியிலிருந்து அவள் "இங்க, இங்க, நான் ஃப்ரீ" என்று கத்துவது நான் உட்காரும் மரத்தடிக்குக் கேட்கிறது. நம் ஊரின் சேது எஃப்சி மகளிர் அணி 2019-ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று கோப்பை வாங்கியதும், அதற்கு முந்தைய ஆண்டில் தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றதும் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? கடலூரிலிருந்து வந்து இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் காவல் துறையில் உதவி ஆய்வாளர் என்று சொன்ன பிறகுதான் அந்தப் பாட்டி வாதத்தை நிறுத்தினார். உத்தியோகம் என்ற சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

பந்தைக் கொடுத்துவிட்டால் நற்குணம் தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பேரனோடு ஆடும் ஒரு பையனுக்கு, வயது வரம்பு வைத்து நடந்த ஒரு போட்டியில், சில மாதங்கள் கூடுதல். பெரியவர்கள் கூடிப் பேசி, வேறொரு பையனின் சான்றிதழைக் காட்டி அவனை இறக்கிவிட்டார்கள். அன்று வெற்றி கோலைப் போட்டவன் அவன்தான். ஒலிபெருக்கியில் அடுத்தவன் பெயரைச் சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் யாரோடும் பேசவில்லை. வாழ்க்கையில் போட்ட மிக நல்ல கோல் தன் பெயரில் இல்லாத பிள்ளைக்குக் கால்பந்து என்ன கற்றுக் கொடுத்திருக்கும்? கோட்டுக்கு வெளியே நின்று, "அவனுக்கு ஏன்டா பாஸ் குடுத்த" என்று சொந்தப் பிள்ளையையே ஊர் கேட்கத் திட்டுகிற தந்தையரையும் இதே கணக்கில் சேர்க்கிறேன்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. நகரைச் சுற்றி இப்போது வலை கட்டிய டர்ஃப் (செயற்கைப் புல்) மைதானங்கள் பெருகியிருக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மணிக்கணக்கில் வாடகை. பங்குப் பணம் இல்லாத பையன் வலைக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில் பல பள்ளி மைதானங்கள் நாலரை மணிக்கெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பகலில் இருக்கிற பி.டி. பீரியடும் அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பில் அது அட்டவணையில் மட்டுமே இருக்கும். மாலையில் ஒன்றரை மணி நேரமாவது பள்ளி வாசற்கதவுகளைத் திறந்து வைக்கவும், பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தவும் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

என் பேரனுக்கு வரும் ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு தொடங்குகிறது. ஐந்து மணிக்கு டியூஷன் என்று என் மகள் இப்போதே பேசி வைத்துவிட்டாள். ஆறரைக்கு மாற்ற முடியுமா என்று அந்த ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பீ.பி.குளம், மதுரை.